கால் இடுக்கில் பிரிந்த தையல்: வீட்டில் தைத்த துணி யானை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

14 மாதக் குழந்தை ஒன்றுக்காக அதன் பெரியம்மா வீட்டுத் தையல் மெஷினில் ஒரு யானை பொம்மை தைத்தார். ஆடை தைப்பதில் அவருக்கு நீண்ட பழக்கம் உண்டு. பொம்மை தைத்தது அதுவே முதல் முறை. நான்கு காலில் நிற்கும் யானை அது. உடம்பின் இரு பக்கத் துண்டுகள், வயிற்றோடு சேர்ந்த உள்கால் துண்டுகள் இரண்டு, தும்பிக்கை நுனியிலிருந்து நெற்றி வழியாகப் பிடரி வரை ஓடும் நடுப்பட்டை, உள்ளங்கால் வட்டங்கள் நான்கு, காதுக்கு நான்கு துண்டு, ஒரு வால். பாகங்கள் இவ்வளவுதான்.

உடம்புக்குச் சாம்பல் நிறப் பருத்தித் துணி, காதின் உட்புறத்துக்குப் பூப்போட்ட பருத்தி. உடம்புக்குள் இலவம் பஞ்சு அடைத்திருந்தார். கால்களில் மட்டும், தைத்து மிஞ்சிய துணித் துண்டுகளைத் திணித்திருந்தார். கண்ணுக்கு 12 மி.மீ. கறுப்புப் பட்டன். வால், பின்னிய பருத்திக் கயிறு.

பேட்டர்ன் (துண்டுகளை வெட்ட உதவும் மாதிரிப் படம்) 35 செ.மீ. உயர யானைக்கானது. குழந்தையின் கைக்கு அடக்கமாக வேண்டும் என்று அதை 80 சதவீதமாகக் குறைத்து நகலெடுத்தார். உயரம் 28 செ.மீ. ஆனது. இங்கே விவரிக்கப்படும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த நகலில்தான் தொடங்குகின்றன. கிழிந்த இடம் வேறெங்கோ இருந்ததால் முதலில் யாரும் நகலைச் சந்தேகிக்கவில்லை.

நடந்தது

மூன்றாவது வாரத்தில் பின்னங்கால் வயிற்றோடு சேரும் இடுக்கில் தையல் 2 செ.மீ. அளவுக்குத் திறந்துகொண்டது. குழந்தையின் உதட்டில் பஞ்சு ஒட்டியிருப்பதைக் கண்ட தாய், வாயிலிருந்து ஒரு சிறு பஞ்சுத் திரளை எடுத்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றே பெரியம்மா அந்த இடத்தைக் கையால் சுற்றித் தைத்து மூடினார். சில நாட்களில், மூடிய தையலின் இரு முனைகளையும் ஒட்டி மறுபடி பிரிந்தது. அதே வாரம் இடது கண் பட்டன் நூலில் ஆடத் தொடங்கியது. தாய் பொம்மையை எடுத்து வைத்துவிட்டார். குழந்தை அதைத் தேடி அழுதது. தூங்கும்போது இடது காதைப் பிடித்துச் சப்பும் பழக்கம் அதற்குள் வந்திருந்தது.

பொம்மையைப் பழுது பார்ப்பதா, புதிதாகத் தைப்பதா என்று முடிவெடுக்க, அதை முழுவதும் பிரித்துப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று.

பிரித்துப் பார்த்தபோது தெரிந்தவை

முதலில் கண்ணில் பட்டது: பிரிந்த இடத்தில் இழுப்பால் நூல் அறவில்லை. தையல் வரிசை ஏறக்குறைய முழுசாக ஒரு பக்கத் துணியோடு நின்றிருந்தது. மறுபக்கத் துணிதான் இழை இழையாகப் பிரிந்து தையலை விட்டு நழுவியிருந்தது. நூலின் மேல் பழி போட்டு, கெட்டி நூலால் மறுபடி தைத்ததால்தான் முதல் பழுது நிற்கவில்லை. கெட்டி நூல் நைந்த துணியைப் பிடித்திருந்தது. நைந்த துணி அதன் பக்கத்தில் கிழிந்தது.

துணி ஏன் நழுவியது என்றால், தையலுக்கு வெளியே எஞ்சியிருந்த விளிம்பு 2 மி.மீ. மட்டுமே. நெய்த பருத்தியில் வெட்டு விளிம்பிலிருந்து இழைகள் உதிரும். 2 மி.மீ. விளிம்பில் இரண்டு மூன்று இழை உதிர்ந்தாலே தையல் காற்றில் நிற்கும். இவ்வளவு ஒட்ட நறுக்கியது ஏன் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில், சிக்கலின் வேரைக் காட்டியது: தும்பிக்கையில் பஞ்சு நுழையவில்லை, அதனால் விளிம்பை நறுக்கினேன், ஒரே சீராக இருக்கட்டும் என்று உடம்பு முழுக்கவும் நறுக்கிவிட்டேன்.

தும்பிக்கையில் பஞ்சு நுழையாததற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. மூலப் பேட்டர்னில் தையலுக்கு விட்ட விளிம்பு 6 மி.மீ. நகலை 80 சதவீதமாகக் குறைத்தபோது படத்தோடு சேர்ந்து விளிம்பும் சுருங்கி 4.8 மி.மீ. ஆனது. அவர் வழக்கம்போல் மெஷின் பாதத்தின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு சேர்த்து ஓட்டினார். அந்த மெஷினில் அது 7 மி.மீ. ஆக, ஒவ்வொரு விளிம்பிலும் 2.2 மி.மீ. துணி உடம்பிலிருந்து களவு போனது. அகலமான வயிற்றில் இது தெரியாது. தும்பிக்கை நுனியோ 20 மி.மீ. அகலம் இருக்க வேண்டியது. இரு பக்கமும் குறைந்து 15.6 மி.மீ. ஆயிற்று. அந்தக் குழாயைத் திருப்பியதும் இரண்டு 7 மி.மீ. விளிம்புகளும் உள்ளே மடங்கி 14 மி.மீ. இடத்தை அடைத்துக்கொண்டன. பஞ்சுக்கு இடமே இல்லை.

உள்ளங்கால்களில் இருந்த சுருக்கமும் இதே கணக்கின் பிள்ளைதான். வட்டத்தின் ஆரம் 2.2 மி.மீ. குறைந்தால் சுற்றளவு ஏறக்குறைய 14 மி.மீ. குறைகிறது. கால் குழாய்க்கு இரண்டு தையல், ஒவ்வொன்றிலும் இரு விளிம்பு, மொத்தம் 8.8 மி.மீ. மட்டுமே குறைகிறது. கால் வாய் உள்ளங்காலை விட 5 மி.மீ. பெரிதாகி, அந்த 5 மி.மீ. கொசுவமாக நின்றது. தைத்தவர் தன் கை சரியில்லை என்று எண்ணியிருந்தார். கையில் குறை இல்லை.

அடுத்து தையல் நீளம். 25 மி.மீ.க்கு 9 தையல், அதாவது ஒன்று 2.8 மி.மீ. சட்டை, பாவாடைக்கு இது சரி. ஆடையின் தையல் பெரும்பாலும் தளர்வாகத் தொங்குகிறது. பொம்மையின் தையலை உள்ளிருந்து பஞ்சு இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. நீளத் தையல் அந்த அழுத்தத்தில் இளித்து, இரு துணிக்கும் நடுவே நூல் ஏணிப்படி போல் தெரிகிறது. பொம்மைக்கு 1.5 முதல் 2 மி.மீ. வரைதான் வைக்க வேண்டும்.

கால் இடுக்கு நான்கிலும் தையல் கூர்மையான மூலையாகத் திரும்பியிருந்தது. அங்கே விளிம்பில் கத்தரியால் ஒரு நறுக்கு விடாமல் திருப்பினால் துணி இழுத்துக்கொள்ளும் என்பதை அவர் அறிந்திருந்தார், நறுக்கும் விட்டிருந்தார். ஆனால் 2 மி.மீ. விளிம்பில் நறுக்கு விட இடம் ஏது? பிரிந்த இடுக்கில் கத்தரி நுனி தையலையே தொட்டு ஒரு கண்ணியை அறுத்திருந்தது. பிரிவு அங்கிருந்துதான் தொடங்கியிருந்தது.

யானை நான்கு காலையும் பரப்பிக்கொண்டு நின்றது. இதற்குக் காரணம் உள்கால் துண்டில் பிடிக்காமல் விட்ட டாட், அதாவது துணியை மடித்துத் தைத்து வடிவம் கொடுக்கும் பிடிப்பு. உள்கால் துண்டு தட்டையான ஒரே துணி; வயிறு படுக்கையாகவும் கால் செங்குத்தாகவும் நிற்க வேண்டுமானால் இரண்டும் சேரும் கோட்டில் அது மடங்க வேண்டும். அந்தக் கோட்டில் நடுவில் அகன்று இரு முனையிலும் கூம்பும் மீன் வடிவ டாட் பிடித்தால்தான் மடிப்பு நிலைக்கும். பேட்டர்னில் அது புள்ளிக்கோடாக இருந்தது. சுருக்கிய நகலில் மங்கிப்போய்க் கண்ணில் படவில்லை. கால் பரப்பிய பொம்மையைக் குழந்தை அமுக்கும் ஒவ்வொரு முறையும் இழுப்பு முழுவதும் இடுக்கில் விழுந்தது. நைந்த விளிம்பு, அறுந்த கண்ணி, பரப்பிய கால் மூன்றும் ஒரே இடத்தில் கூடியதால் அந்த இடம் முதலில் போனது.

தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கழுத்தைத் தொட்டால் உள்ளே வெறுமை. தலைக்குத் தனியாக, உடம்புக்குத் தனியாகப் பஞ்சு அடைத்து நடுவில் விட்டிருந்தார். அதோடு, நடுப்பட்டையின் ஒரு பக்கத்தைத் தும்பிக்கையிலிருந்து பிடரிக்கும், மறுபக்கத்தைப் பிடரியிலிருந்து தும்பிக்கைக்கும் ஓட்டியிருந்தார். மெஷினின் பற்கள் அடித்துணியைத்தான் நேரடியாக இழுக்கின்றன. மேல்துணி சிறிது பின்தங்கும். இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் பின்தங்கியதால் முகம் திருகிக்கொண்டது.

துணித் துண்டு திணித்த கால்களில் இன்னும் ஈரம் இருந்தது. பொம்மையை ஒரு முறை சோப்பு நீரில் துவைத்திருந்தார்கள். இலவம் பஞ்சு கட்டி தட்டியிருந்தது. துணித் துண்டுகள் நீரைப் பிடித்துக்கொண்டு புழுங்கல் வாடை வீசின. இலவம் பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் அருமையான பொருள், ஆனால் துவைக்கப்படும் பொருளுக்கு உகந்ததல்ல. வாயில் வைக்கும் குழந்தையின் பொம்மையைத் துவைக்காமல் இருக்க முடியாது.

பட்டன் கண், ஒற்றைத் துணியில் இரண்டே சுற்று நூலில் நின்றது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. இடுக்கில் உட்புறம் ஒட்டுத்துணி கொடுத்துத் தைப்பது; உள்கால் துண்டுகளை மட்டும் புதிதாக வெட்டி மாற்றுவது; காதுகளை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பைப் புதிதாகத் தைப்பது. முதல் வழியில் 2 மி.மீ. விளிம்பு அப்படியே இருக்கும். இன்று ஒரு இடுக்கு, நாளை மற்றொன்று. இரண்டாம் வழியில் புதிய துண்டைப் பழைய பக்கத் துண்டின் அதே நைந்த விளிம்போடுதான் சேர்க்க வேண்டும். எனவே மூன்றாவது. குழந்தை சப்பும் காது மாறக் கூடாது என்பதில் தாய் உறுதியாக இருந்தார். அது நியாயமான நிபந்தனை. காதுக்குள் பஞ்சு இல்லை, அழுத்தம் இல்லை, அதனால் அதன் தையலும் கெடவில்லை.

துணிக்கு ஃபிளீஸ் தேர்வானது. அது பின்னல் துணி. வெட்டிய விளிம்பில் இழை உதிராது. 1880-ல் ஜெர்மனியின் கீங்கன் ஊரில் மார்கரெட் ஷ்டைஃப் தைத்த சிறு யானை, துணிப் பொம்மை வரலாற்றில் பேர் பெற்றது. ஊசி குத்தி வைக்கும் திண்டாகத்தான் அது பிறந்தது, குழந்தைகள்தான் அதை விளையாட்டுப் பொருளாக்கினார்கள். அதுவும் இழை உதிராத ஃபெல்ட் துணியில் தைத்தது. பருத்தியே வேண்டும் என்றால் பின்புறம் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டி, விளிம்பு 8 மி.மீ. விட்டால் ஓரளவு நிற்கும். மென்மயிர்த் துணியான மிங்கியும் பேசப்பட்டது. வெட்டு விளிம்பில் மயிர் கொட்டும், தைக்கும்போது வழுக்கும் என்பதால் இந்த வயதுக்கு வேண்டாம் என்று விடப்பட்டது.

கண் விஷயத்தில்தான் இழுபறி. “கண்ணு மட்டும் பட்டனாவே இருக்கட்டும்க்கா, இல்லேன்னா இவன் தேடுவான்” என்றார் தாய். பின்னால் வாஷர் போட்டு அழுத்தும் பிளாஸ்டிக் கண் வைக்கலாமா என்றும் கேட்டார். அந்தக் கண்ணில் வாஷர் கழல்வது அபூர்வம். ஆனால் கண்ணின் தண்டு போகும் துளையைச் சுற்றித் துணி கிழியலாம், ஃபிளீஸில் துளை இழுபட்டு அகலமாகலாம். அப்போது கண்ணும் வாஷரும் சேர்ந்தே வெளியே வரும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையிலிருந்து கழலும் பாகம் 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கினால் அது மூச்சடைக்கும் ஆபத்து என்றே பாதுகாப்பு விதிகள் கொள்கின்றன. 12 மி.மீ. பட்டன் அதற்குள் உருண்டோடும். கண்ணை நூலால் பூ வேலையாகத் தைப்பது என்று முடிவாயிற்று. இதில் சமரசத்துக்கு இடமில்லை. அழகு எவ்வளவு கூடினாலும் இந்த வயதில் பட்டன் கூடாது.

அடைக்கப் பாலியஸ்டர் ஃபைபர் பஞ்சு. துவைத்தால் உலரும், கட்டி தட்டுவது குறைவு.

மறுபடி தைத்த முறை

பேட்டர்னில் முதலில் செய்தது, 80 சதவீத நகலில் வெட்டுக்கோட்டை அடித்துவிட்டுத் தையல் கோட்டை மட்டும் வேறு தாளில் எடுத்தது. அதற்கு வெளியே சுற்றிலும் புதிதாக 6 மி.மீ. விளிம்பு வரையப்பட்டது. பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் வழி இதுதான். தும்பிக்கை நுனி, தைத்து முடிந்த அளவில் 28 மி.மீ. ஆக அகலப்படுத்தப்பட்டது. கால் இடுக்கின் கூர்மூலை, 10 மி.மீ. ஆரமுள்ள வளைவாக மாற்றப்பட்டது. மூலையில் ஒரே புள்ளியில் விழுந்த இழுப்பு, வளைவில் பரவிவிடும். உள்கால் துண்டு ஒவ்வொன்றிலும் முன்னங்காலிலிருந்து பின்னங்கால் வரை ஓடும் டாட், நடுவில் 10 மி.மீ. அகலம் வருமாறு குறிக்கப்பட்டது. உள்ளங்கால் முடிந்த விட்டம் 40 மி.மீ., வெட்டு விட்டம் 52 மி.மீ.; கால் வாயின் முடிந்த சுற்றளவு 126 மி.மீ. உள்ளதா என்று தாளிலேயே நூல் வைத்து அளக்கப்பட்டது.

ஃபிளீஸ் குறுக்கே அதிகம் இழுபடும். அந்த இழுப்பு உடம்பின் சுற்றுவாக்கில் வருமாறு துண்டுகள் வைக்கப்பட்டன. வயிறு உருண்டு வரும். கால் நீண்டு தொங்காது. திருப்பி வைத்திருந்தால் இதே பேட்டர்ன் நெட்டையான, ஒல்லியான யானையைத் தந்திருக்கும். ஃபிளீஸின் மென்மயிரைத் தடவிப் பார்த்து, தலையிலிருந்து காலை நோக்கிப் படியுமாறு எல்லாத் துண்டும் ஒரே திசையில் வெட்டப்பட்டன. இதைக் கவனிக்காவிட்டால் ஒரே துணியில் வெட்டிய இரு பக்கமும் வெவ்வேறு சாயமாகத் தெரியும்.

கண்களைத் துண்டு தட்டையாக இருக்கும்போதே தைத்தாயிற்று. பழைய பொம்மையில் பட்டன் இருந்த இடத்தைத் தும்பிக்கை அடியிலிருந்து அளந்து அதே இடம் குறிக்கப்பட்டது. குழந்தைக்குப் பழகிய முகம் மாறக் கூடாது. ஃபிளீஸின் பின்னால் மெல்லிய தாள் வைத்து, 9 மி.மீ. வட்டத்தின் ஓரத்தைக் கெட்டித் தையலால் சுற்றி, உள்ளே குறுக்குவாட்டில் ஒரு அடித்தளம் தைத்து, அதன் மேல் நெடுக்குவாட்டில் நெருக்கமாகச் சாட்டின் தையல் போடப்பட்டது. அடித்தளம் இல்லாமல் போட்டால் நூல் ஃபிளீஸுக்குள் அமிழ்ந்து கண் சோர்ந்து தெரியும். நூல் முனைகள் பின்புறம் மூன்று முறை கோத்து முடிக்கப்பட்டன.

பழைய காதுகளைத் தலையிலிருந்து பிரித்தபோது அடி விளிம்பில் 2 மி.மீ. தான் மிஞ்சியது. 15 மி.மீ. அகலப் பருத்தி நாடாவை நெடுக்காகச் சற்று ஒதுங்க மடித்து, அதற்குள் காதின் அடியைச் செருகி இரண்டு வரிசை தைத்ததில் புதிய விளிம்பு கிடைத்தது. தலையின் டாட்டுக்குள் அந்த நாடா முழுவதும் போகுமாறு செருகி மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டப்பட்டது.

மெஷினில் பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசி, 90-ம் எண், பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 2 மி.மீ. தைத்த வரிசை: முதலில் உள்கால் டாட்டுகள், பிறகு தலை டாட்டில் காது, பிறகு இரு உள்கால் துண்டுகளை வயிற்று நடுக்கோட்டில் சேர்த்தல். நடுக்கோட்டின் மத்தியில் 6 செ.மீ. திறப்பு விடப்பட்டது, திறப்பின் இரு முனையிலும் ரிவர்ஸ் அடிக்காவிட்டால் (முன்னும் பின்னும் ஓட்டித் தையலை நிறுத்தாவிட்டால்) பஞ்சு அடைக்கும்போது அது தானே வளர்ந்துவிடும். அடுத்து உள்கால் துண்டுகளைப் பக்கத் துண்டுகளோடு, கால் வாய்களைத் திறந்தே விட்டுச் சேர்த்தல். நடுப்பட்டையின் இரு பக்கத்தையும் தும்பிக்கை நுனியிலிருந்தே தொடங்கிப் பிடரி வரை ஓட்டினார்கள். பிடரியிலிருந்து முதுகுத் தையல், அதில் வால். கடைசியில் உள்ளங்கால்கள்: வட்டத்தையும் கால் வாயையும் நான்காகப் பகுத்துக் குறி வைத்து, குண்டூசி குத்தி, கையால் ஓட்டுத்தையல் போட்டுவிட்டு மெஷினில் மெதுவாகச் சுற்றி வந்தார்கள். கொசுவம் விழவில்லை.

இடுக்குகள் நான்கிலும் 1.5 மி.மீ. தையலில் இரண்டாம் முறை அதே கோட்டின் மேல் 3 செ.மீ. தூரம் ஓட்டப்பட்டது. வளைவில் மூன்று நறுக்கு, ஒவ்வொன்றும் தையலுக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்தப்பட்டது. தும்பிக்கை நுனியில் மட்டும் விளிம்பு 4 மி.மீ. ஆகக் குறைக்கப்பட்டது, வேறெங்கும் விளிம்பைக் குறைக்கவில்லை.

தும்பிக்கையைத் திருப்ப, அகலமான உறிஞ்சுகுழலை உள்ளே நுழைத்து, வெளியிலிருந்து நுனியை மழுங்கிய குச்சியால் குழலுக்குள் தள்ளினால் போதும். கூரான குச்சி நுனியைத் துளைத்துவிடும்.

பஞ்சு அடைப்பதற்குத் தனியே பொறுமை வேண்டும். பையிலிருந்து வந்த பஞ்சைக் கையால் பிய்த்து உதறி மலர்த்திய பிறகே உள்ளே போட வேண்டும். தும்பிக்கை நுனிக்கும் உள்ளங்கால் ஓரங்களுக்கும் சிட்டிகை அளவு. மற்ற இடங்களில் கை கொள்ளும் அளவுக்குப் பெரிய திரள். சிறு சிறு உருண்டையாகத் திணித்தால் ஒவ்வொன்றும் தனி முடிச்சாகி வெளியே மேடு தட்டும். ஒவ்வொரு திரளையும் முந்தியதன் நடுவில் குச்சியால் அழுத்தினால் இரண்டும் பின்னிக்கொள்ளும். வரிசை: தும்பிக்கை, பாதங்கள், கால்கள், தலை, கழுத்து, கடைசியில் உடம்பு. கழுத்துக்கு, பாதி தலையிலும் பாதி உடம்பிலும் நிற்குமாறு ஒரே திரளான கெட்டிப் பஞ்சு வைக்கப்பட்டது. மொத்தம் 170 கிராம் பிடித்தது.

மூடும் முன் குண்டூசிகள் எண்ணப்பட்டன: எடுத்தவை 24, திரும்பி வந்தவை 24. பொம்மையின் மேல் காந்தமும் ஓட்டிப் பார்த்தாயிற்று. திறப்பை இரட்டை நூலில் ஏணித்தையலால் மூடினார்கள். மடிந்த விளிம்பு இரண்டிலும் மாறி மாறி 3 மி.மீ. எடுத்து, நான்கு தையலுக்கு ஒருமுறை நூலை இழுத்தால் தையல் உள்ளே மறைந்துவிடும். திறப்பின் முனைகளைத் தாண்டி 1 செ.மீ. சேர்த்தே தைக்க வேண்டும்.

சோதனை

ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரமான இ.என். 71-1, அடைத்த துணிப் பொம்மையின் தையலுக்கு 70 நியூட்டன் இழுப்பையும், 6 மி.மீ.க்கு மேற்பட்ட பாகங்களுக்கு 90 நியூட்டன் இழுப்பையும் குறிக்கிறது. முழு இழுப்பில் 10 விநாடி நிறுத்த வேண்டும். ஏறத்தாழ 7 கிலோ, 9 கிலோ. வீட்டில் இதைச் சரியாகச் செய்ய முடியாது. ஆனால் துணி சுற்றிய இடுக்கியும் தொங்கு தராசும் இருந்தால் தோராயமாகப் பார்க்கலாம். வெறும் கையால் இழுத்து ‘கெட்டியாக இருக்கிறது’ என்று சொல்வதை விட இது எவ்வளவோ மேல்.

இடுக்குகள் 7 கிலோவில் நின்றன. தையல் லேசாகத் தெரிந்தது, திறக்கவில்லை. காதுகள் 9 கிலோவில் அசையவில்லை. வால் 6 கிலோவிலேயே வந்துவிட்டது. பழைய பின்னல் கயிற்றையே செருகியிருந்தார்கள். வழவழப்பான கயிறு இரு துணிக்கு நடுவிலிருந்து வழுக்கி உருவிக்கொண்டது. ஃபிளீஸிலேயே தட்டையான வால் தைத்து, அடியில் 15 மி.மீ. உள்ளே போகவிட்டு மூன்று வரிசை ஓட்டிய பிறகு 9 கிலோவைத் தாங்கியது. இதற்காக முதுகுத் தையலை 4 செ.மீ. பிரிக்க நேர்ந்தது. பஞ்சு அடைக்கும் முன் வாலை இழுத்துப் பார்த்திருந்தால் பத்து நிமிட வேலை.

பிறகு

குழந்தை பொம்மையை ஏற்றுக்கொண்டது; பட்டன் கண்ணைத் தேடவில்லை, நேராக இடது காதைத்தான் பிடித்தது.

நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது இடுக்குத் தையல்கள் அப்படியே இருந்தன. இரண்டு முறை தலையணை உறைக்குள் போட்டுத் தண்ணீரில் துவைத்து, துண்டில் சுற்றிப் பிழிந்து, வலையின் மேல் படுக்கவைத்து உலர்த்தியிருந்தார்கள். காலை அமுக்கி முகர்ந்து பார்த்து வாடை இல்லை என்று உறுதி செய்த பிறகே குழந்தையிடம் கொடுத்தார்கள். தும்பிக்கையில் ஃபிளீஸ் சிறு உருண்டைகளாகத் திரண்டிருந்தது. கத்தரியால் ஒட்ட வெட்டி எடுத்தாயிற்று, வாயில் போகும் இடம் என்பதால் அதை அவ்வப்போது கவனிக்க வேண்டும்.

கழுத்து மறுபடி சற்றுத் தளர்ந்திருந்தது. ஃபைபர் பஞ்சு முதல் சில மாதங்களில் படியும் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் தலை முன்னோக்கிச் சாயும் அளவுக்குப் படிந்திருந்தது. வயிற்றுத் திறப்பைப் பிரித்துக் கழுத்துக்கு மட்டும் 20 கிராம் சேர்க்கப்பட்டது. சப்பும் காதில் பருத்தித் துணி வெளுத்து மெலிந்திருந்தது. வாரம் ஒருமுறை அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்படியும், வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் அதன் மேல் புதிய துணி போர்த்தித் தைக்கும்படியும் தாயிடம் சொல்லப்பட்டது.

இன்னொரு முறை தைத்தால் மாற்ற வேண்டியவை

திறப்பின் இடம் முதலாவது. வயிற்றுத் திறப்பு கண்ணுக்குத் தெரியாது என்பது அதன் ஒரே வசதி. அங்கிருந்து கழுத்துக்குக் குச்சியால்தான் எட்ட முடிந்தது. குச்சி பஞ்சைத் தள்ளும், இறுக்காது. முதுகுத் தையலில், பிடரிக்கு 3 செ.மீ. கீழே திறப்பு விட்டால் இரண்டு விரல் நேராகக் கழுத்துக்குள் போகும். ஏணித்தையல் ஃபிளீஸின் மயிரில் மறைந்துவிடுவதால் முதுகில் இருந்தாலும் தெரியாது.

துண்டுகளை வெட்டுவதற்கு முன் தும்பிக்கையை மட்டும் ஒரு கழிவுத் துணியில் தைத்து, திருப்பி, அடைத்துப் பார்க்க வேண்டும். பொம்மையின் மிகக் குறுகிய பாகம் எதுவோ அதுதான் பேட்டர்னின் அளவு தாங்குமா என்பதைச் சொல்லும். முதல் யானையில் அந்தச் சோதனை நடந்திருந்தால் விளிம்பை நறுக்கும் தேவையே வந்திருக்காது.

காதுகளை முதலிலேயே இரண்டு ஜோடி வெட்டி வைப்பது நல்லது. இரண்டாவது ஜோடியையும் அதே பூத்துணியில் வெட்டி, மற்றத் துணிகளோடு சேர்த்துப் பலமுறை துவைத்து மென்மையாக்கி வைத்தால், பழைய காது நைந்து போகும் நாளில் புதியது கைக்கு அந்நியமாக இருக்காது.

குழந்தைக்கு 12 மாதம் நிறையாதிருந்தால் இன்னொரு நிபந்தனையும் சேரும்: எவ்வளவு கெட்டியாகத் தைத்த பொம்மையானாலும் தூங்கும் இடத்தில் வைக்கக் கூடாது. முகத்தின் மேல் அழுந்தினால் விலக்கத் தெரியாத வயது அது. இந்தக் குழந்தை அந்த வயதைத் தாண்டியிருந்ததால்தான் யானை படுக்கையில் அனுமதிக்கப்பட்டது.